கண் தெரியாதவன் எடுத்த சீட்டு

மீஞ்சூரில் இருக்கும் தம்பி தேசப்பனுக்கு, திருவொற்றியூர் குப்பத்திலிருந்து உன் அக்கா மலர்க்கொடி எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் நீயும் உன் மகனும் பேரப்பிள்ளைகளும் நல்லபடி இருக்க வேண்டும். உன் பெண்டாட்டியும் இருக்கட்டும். போன் இருக்கும்போது ஏன் கடுதாசி என்று கேட்பாய். போனில் பேசினால் அவள் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறாள், நடுவில் அவள் இருமுவது எனக்குக் கேட்கிறது. நான் படித்தது மூன்றாவது, தப்பு இருந்தால் திருத்திப் படி. உன் மகன் கல்யாணப் பந்தியில் என் இலையில் மட்டும் வெறும் எலும்பாகப் போட்டது பதினேழு வருஷமாக நெஞ்சில் நிற்கிறது, ஆனால் இந்தக் கடுதாசி அதற்காக இல்லை.

விஷயம் நம் பேத்தி கீர்த்தியின் கல்யாணம். எண்ணூரில் அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் மேஜிக் செய்ய ஒருவன் வந்தானாம். பேர் மதி, ஊர் கல்மண்டபம், நம்ம ஜனம்தான். ஆறு வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டதாம். கட்டினால் அவனைத்தான் என்று நிற்கிறாள். ரஞ்சித்து என்ன அப்பன் என்று தெரியவில்லை, "நீ பாத்து சரின்னா சரிமா" என்று முடிச்சை என் தலையில் போட்டுவிட்டு லாஞ்சு ஏறிக் கடலுக்குப் போய்விட்டான். எனக்குக் கண் தெரியாதவன் என்பது கஷ்டம் இல்லை தம்பி, நிஜமாகவே தெரியாதா என்பதுதான் கஷ்டம். கண் இருக்கிறவனே கை தவறுகிற வேலையை இல்லாதவன் எப்படிச் செய்வான்? சுனாமிக்கு முந்தின வருஷம் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருவன் என் கூடைக்கு முன்னால் வந்து நின்றானே, பாவம் என்று ஒரு மீன் எடுத்துக்கொள் என்றேன், இருந்ததிலேயே பெரியதாகப் பார்த்து எடுத்தான். அன்றைக்கே முடிவு செய்தேன், இனி விசாரிக்காமல் யாரையும் நம்புவதில்லை என்று.

அதனால் போன ஞாயிறு மத்தியானம் அவனையும், அவனை வளர்த்த அத்தை சிவந்தியையும் வீட்டுக்கு வரச்சொன்னேன். வருகிற வழியில் நடையில் ஒரு குடத்தை வைத்தேன். நிஜக் குருடன் என்றால் இடிப்பான் இல்லையா? அவன் கோலால் ஒரு தட்டுத் தட்டி, சுற்றி வந்து, "குடத்துல பாதிதான் தண்ணி கீது ஆயா" என்கிறான். வெளியே இருந்து பார்த்தால் குடத்துக்குள் எனக்கே தெரியாது, இவனுக்கு எப்படித் தெரியும்? சத்தத்தில் தெரிகிறது என்றாள் கீர்த்தி. இவள் எப்போது அவனுக்கு வக்கீல் ஆனாள்? சரி என்று அவன் எதிரிலேயே உட்கார்ந்து நாக்கை நீட்டினேன், கண்ணை உருட்டினேன், மூக்கைப் பிடித்து மேலே தூக்கினேன். அவன் முகத்தில் ஒரு அசைவு இல்லை. காபி கொண்டுவந்த மருமகள் நீலா அதைப் பார்த்துவிட்டு டம்ளரோடு திரும்பி அடுப்பங்கரைக்கு ஓடினாள். பார்த்துக்கொள், என் முகத்தைப் பார்த்துவிட்டும் சிரிக்காமல் இருக்கிறான் என்றால் எப்பேர்ப்பட்ட அழுத்தக்காரன்!

மேஜிக் செய்து காட்டு என்றேன். பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்தான். அது வேண்டாம், உன் கட்டில் ஆயிரம் வேலை இருக்கும் என்று சொல்லி, ரஞ்சித்து லாஞ்சில் வைத்து ஆடுகிற பழைய கட்டைக் கொடுத்தேன். உப்புத்தண்ணீர் பட்டு ஊறி, ஒவ்வொரு சீட்டும் அப்பளம் மாதிரி வளைந்து, நெத்திலி வாடை அடிக்கும். அதை வாங்கிக் கட்டைவிரலால் சர்ரென்று ஒரு ஓட்டு ஓட்டினான். "ஒண்ணு கொறையுது ஆயா, அம்பத்தொண்ணு தான் கீது" என்றான். எண்ணிப் பார்த்தோம், ஐம்பத்தொன்று. அப்புறம் ஒன்று எடுக்கச் சொன்னான். யாருக்கும் காட்டாமல் முந்தானைக்குள் வைத்து நான் மட்டும் பார்த்தேன். நடுவில் செருகினேன். கலைத்தான், வெட்டினான், தடவினான், கடைசியில் ஒன்றை உருவி என் முன்னால் மல்லாக்க வைத்து, "இதானே ஆயா உங்க சீட்டு?" என்றான். சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் ராணி.

நீலா என்னைப் பார்க்கிறாள், கீர்த்தி என்னைப் பார்க்கிறாள். என் சீட்டு கிளாவர் ஒன்பது. இல்லை என்று சொன்னேன். கீர்த்திக்கு முகம் செத்துவிட்டது. அதோடு எழுந்து போயிருந்தால் மரியாதை. அந்த சிவந்தி இருக்கிறாளே, மீன் ஏலத்தில் கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை, "எம் புள்ள பத்து வருசமா தப்பா ஒரு சீட்டு எடுத்ததில்ல. அது உன் சீட்டு இல்லன்னா கடல் மேல சத்தியம் பண்ணு, நாங்க போய்க்கினே இருக்கோம்" என்று என் எதிரில் கையை நீட்டினாள். ஆம்பிளை கடலில் இருக்கும்போது வீட்டுப் பொம்பிளை கடல்மேல் பொய்ச்சத்தியம் செய்தால் லாஞ்சு திரும்பாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரஞ்சித்து போய் அன்றைக்கு ஏழாம் நாள். எனக்கு என்ன பயம், கையை வைக்கத்தான் போனேன், முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது, அவ்வளவுதான். அதற்குள் அவனே எழுந்து அத்தை கையைத் தடவிப் பிடித்து இறக்கிவிட்டான். "சத்தியம் வேணா அத்தே. மாமா கடல்ல கீறாரு. ஆயா சொல்றதுதான் நெசம், நான்தான் தப்பா எடுத்தேன்" என்றான்.

பார்த்தாயா, அவன் வாயாலேயே ஒப்புக்கொண்டான். தொழிலே தெரியாதவன். கீர்த்தி அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை, தட்டில் சோற்றை வைத்துக் கோலம் போடுகிறாள். நீ பெரியவனாக வந்து, இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ரஞ்சித்திடம் அடித்துச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் வீம்பு என்பார்கள்.

உன் வீட்டு நண்டு சிண்டுகளுக்கெல்லாம் என் ஆசீர்வாதம். கால் வீக்கத்துக்கு உப்பைக் குறை.

உன் அக்கா,
மலர்க்கொடி

பின் குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் மூன்று நாள் ஆகிவிட்டது. நேற்று விடியற்காலை லாஞ்சு கரைக்கு வந்தது, ரஞ்சித்து சுகம். அவன் தரையில் கால் வைத்ததைக் கண்ணால் பார்த்தபிறகு எழுதுகிறேன். அது ஆட்டின் ராணிதான்.

ரஞ்சித்து குளித்துச் சாப்பிட்டதும் நான் ஆட்டோ பிடித்துக் கல்மண்டபம் போனேன், ஒருவரிடமும் சொல்லவில்லை. நான் பொய் சொன்னது உனக்கு எப்படித் தெரியும் என்று அவனைக் கேட்டேன். "நான் தப்பா எடுத்திருந்தா நீங்க அப்பவே சிரிச்சிருப்பீங்க ஆயா. யோசிச்சிங்க" என்றான். கீர்த்தியிடம் சொன்னாயா என்றேன். அது நீங்கள் சொல்ல வேண்டியது என்று காபி வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டான். ரஞ்சித்திடம் எனக்குச் சம்மதம் என்று மட்டும் சொன்னேன், காரணம் சொல்லவில்லை. இன்றைக்கும் நீலா, ஒரு சீட்டு ஒழுங்காக எடுக்கத் தெரியாவிட்டாலும் பையன் தங்கம் என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுகிறோம். நீ வியாழக்கிழமையே வா. வந்ததும் கீர்த்தியைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் ஆயா பொய் சொன்னாள், அவன் சரியாகத்தான் எடுத்தான் என்று சொல்லிவிடு. நீ சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் மொட்டை மாடியில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருப்பேன். அவள் அழுதால் கூப்பிடாதே. சிரித்தால் கூப்பிடு.