வெள்ளையம்மாவுக்கு முன்னால் ருசி பார்த்தவர்

எங்கள் தேவாரம் ஊர் பஜாரில் விற்கிற அத்தனை தீவனத்தையும் தின்று பார்த்த ஜீவன் ஒன்றே ஒன்றுதான். அது மாடில்லை, குதிரையில்லை, கோழியுமில்லை. வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு மனுஷர். பெயரைச் சொல்லிக் கேட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கே தெரியாது. 'லேபிள்' என்று கேட்டால் கேரளா எல்லை வரைக்கும் வழி சொல்வார்கள்.

நான் தீவனக் கடை வைத்திருக்கிறவள். வீட்டுக்காரர் போன பிறகு தனியாளாக நின்று நடத்துகிறேன். என் கடை மூட்டையைக் குறை சொல்ல ஒருத்தன் இனிமேல்தான் பிறக்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்வேன். அவர் ஏற்கெனவே பிறந்து, மாதம் இரண்டு தடவை கடைக்கும் வந்துகொண்டிருந்தார்.

அவரிடம் வெள்ளையம்மா என்று ஒரு குதிரை. கல்யாணத்தில் மாப்பிள்ளையைச் சுமக்கும். ஒரு திருவிழா வண்டிப் பந்தயத்தில் மூன்றாவதாக வந்தது. ஓடியது மூன்று வண்டி. அந்தக் கோப்பையை இன்னமும் துடைத்து வைத்திருக்கிறார்.

கடைக்கு வந்தால் முதலில் மூட்டையைத் தட்டுவார். பிரிக்கச் சொல்லி, முழங்கை வரைக்கும் கையை விட்டு அள்ளுவார். மோந்து பார்ப்பார். அப்புறம் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். வீட்டில் சாம்பாருக்கு உப்புப் பார்க்கச் சொன்னால் மாட்டாராம். அவர் சம்சாரமே வந்து என்னிடம் அழுதிருக்கிறது.

ஒரு தடவை மூட்டையில் லேசாகப் பூஞ்சை வாடை. மில்லிலிருந்து வந்த ஏஜென்ட் தம்பி, "அதெல்லாம் ஒண்ணும் செய்யாது சார், குதிரை தின்னுரும்" என்றது.

"அப்பிடியா? இந்தாங்க தம்பி, மொதல்ல நீங்க ஒரு வாய். பெறகு அவ."

தம்பி வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு வாய் போட்டது. அன்றைக்குப் போனதுதான். இப்போது லைனுக்கு வேறு ஆள் வருகிறது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அந்தச் சீட்டு. மூட்டை வாயில் தைத்திருக்கும் இங்கிலீஷ் சீட்டைப் பிய்த்து, கோயில் மைக்கில் அறிவிக்கிற மாதிரி தமிழில் வாசிப்பார். எந்த ஜீவனுக்கு, புரோட்டீன் எத்தனை, நார் எத்தனை, மருந்து சேர்த்திருக்கிறதா, தயாரித்த தேதி என்ன... பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்கும் கேட்கும். குதிரைச் சீட்டோடு நிறுத்துவாரா? அடுக்கி வைத்திருக்கும் மாட்டுத் தீவனம், கோழித் தீவனம் எல்லாவற்றையும் வாசித்துவிட்டுத்தான் போவார்.

"அண்ணே, ஒங்க வீட்ல கோழியே இல்லையே?"

"கேட்டு வச்சுக்க தாயி. காதென்ன தேய்ஞ்சா போகும்?"

எனக்குச் சீட்டு எதற்கு? மூன்று தீவனமும் ஒரே மாதிரி வெள்ளைச் சாக்கில்தான் வரும். தையல் நூல்தான் எனக்கு அடையாளம். சிவப்பு மாட்டுக்கு, பச்சை குதிரைக்கு, வெள்ளை கோழிக்கு. கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவேன்.

போன தை மாதம், ஒரு முகூர்த்த நாள். கடையில் ஓடைப்பட்டிக்காரர்கள் நாலு பேர் நின்றார்கள். லேபிள் வேகு வேகென்று வந்தார். சாயங்காலம் ஊர்வலம், குதிரை காலையிலிருந்து வெறும் வயிறு. நான் பச்சை நூல் மூட்டை ஒன்றை நகர்த்தினேன்.

"இன்னைக்காச்சும் வாசிக்காம தூக்கிட்டுப் போங்கண்ணே. அவளுக்குப் பசிக்கும்ல."

தூக்கித் தோளிலும் வைத்துவிட்டார். ரெண்டு எட்டு நடந்தவர், மனசு கேட்காமல் இறக்கிவைத்துக் கண்ணாடியை மாட்டினார். அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சத்தமில்லாமல் வாசித்தார்.

பக்கத்தில் வந்து, என் காதுக்கு மட்டும் சொன்னார்: "கோழித் தீவனம் தாயி. கழிச்சலுக்கு மருந்து கலந்திருக்கு. கோழிக்கு நல்லது. இவ தின்னா நெஞ்சு நின்னுரும்."

"பச்ச நூலுண்ணே..." என்றேன்.

"என்ன லேபிளு, மூட்டையில என்ன கோளாறு?" என்று ஓடைப்பட்டிக்காரர் ஒருத்தர் கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா, ருசி பத்தல!"

எல்லாரும் சிரித்தார்கள், அவரைப் பார்த்து. வெள்ளையம்மா அன்றைக்குப் புல்லும் ஊறவைத்த கொள்ளும் தின்றுவிட்டுத்தான் கிளம்பினாள். மாப்பிள்ளை ஒரு மணி நேரம் மாலையோடு நின்றார்.

மில்லுக்குப் போன் போட்டேன். "வெள்ளை நூலு தீந்துபோச்சு ஆத்தா. பச்சை கெடந்துச்சு, தச்சுட்டோம்" என்றான் போனை எடுத்தவன். அவனைக் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. லோடு முழுவதையும் திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து அவரிடம் கேட்டேன். "அவுக முன்னாடி ஏண்ணே சொல்லல?"

"எதை?"

"எனக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாதுங்கிறதை." தமிழே எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். அதை இந்த ஊரில் யாருக்கும் நான் காட்டியதில்லை.

அவர் ஒரு கை தீவனத்தை வாயில் போட்டு மென்றார்.

"அது எனக்கு ரொம்ப வருசமாத் தெரியும். இல்லேன்னா இத்தன நாளா அம்புட்டுச் சத்தமா யாருக்கு வாசிச்சேன்? குதிரைக்கா?"

"குதிரைக்குன்னுதான் நெனச்சேன்" என்றேன்.

இப்போது லோடு வந்தால், நூல் எந்த நிறமானாலும், அவர் வந்து வாசிக்கும்வரை ஒரு மூட்டையையும் விற்பதில்லை. "மெதுவா வாசிங்கண்ணே, காது வலிக்குது" என்று திட்டுவதை மட்டும் விடவில்லை. போன வாரம், எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று முணுமுணுத்தார். மறுநாளே மூட்டை அடுக்குக்கு மேலே ஒரு டியூப் லைட் மாட்டினேன். கேட்டவர்களிடம், எலி வருகிறது என்று சொல்லியிருக்கிறேன்.