ஏலத்துக்கு அரை மூட்டை உப்பு

சண்முகநாதன் அரை மூட்டை உப்பையும் கிணற்றுக்குள் கொட்டி முடித்து, வெறுஞ்சாக்கை நான்காக மடித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மனைவி தக்சாயினி குடத்துடன் வந்தார்.

"இஞ்சேருங்கோ, என்ன செய்யிறியள்?"

"வீட்டைக் காப்பாத்துறன். சத்தம் போடாதையும்."

"நல்ல தண்ணிக் கிணத்துக்கை உப்பைக் கொட்டியோ? உங்களுக்கென்ன விசரே?"

இணுவிலில் அவர்கள் இருபத்திரண்டு ஆண்டுகளாக வாடகைக்குக் குடியிருந்த அந்த வீடு, வரும் வெள்ளிக்கிழமை ஏலத்தில் விடப்படும் என்று ஏலக் கந்தோரிலிருந்து தொலைபேசியில் அறிவித்திருந்தார்கள். வீட்டின் உரிமையாளரான கந்தப்பு கனடாவில் இருந்தார். வேறு யாரேனும் வாங்கினால், கணவனும் மனைவியும் இந்த வயதில் சட்டிபானையுடன் தெருவில் நிற்க வேண்டியதுதான். கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வுபெற்ற சண்முகநாதனிடம், சம்பளத்தில் பிடித்துச் சேர்ந்த சேமலாப நிதி இருந்தது. ஆரம்ப விலைக்கு அது போதும். எவனாவது அதற்கு மேல் வாயைத் திறந்தால் போதாது.

"ஏலத்திலை வெல்லுறதெண்டால், மற்றவன் கேளாமல் பாக்கவேணும்," என்று அவர் விளக்கினார். "வீடு பாக்க வாறவன் முதலிலை என்ன செய்வான்? கிணத்துத் தண்ணியை அள்ளிக் குடிச்சுப் பாப்பான். குடிக்கட்டும்!"

தக்சாயினி அந்தத் தண்ணீரிலேயே தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். சண்முகநாதன் முகம் சுளிக்காமல் குடித்தார். கொள்கைக்காக மனிதன் எதையும் குடிப்பான். இரண்டாவது கோப்பை மட்டும் கேட்கமாட்டான்.

கிணறு உப்பானால் போதாது, அது ஊருக்கும் தெரிய வேண்டும். ஆகவே அவர் சைக்கிளில் மருதனார்மடம் சந்தைக்குப் போய், வல்வெட்டித்துறையிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் சிவக்கொழுந்திடம் பேச்சைத் தொடங்கினார்.

"வெள்ளிக்கிழமை எங்கடை வீடு ஏலத்திலை போகுது. வாங்கிறவன் பாவம். கிணறு ஒரே உவர்."

"ஏலமோ? நான் கேள்விப்படேல்லையே!" சிவக்கொழுந்து தராசைக் கீழே வைத்தார். "நாங்கள் பிறந்ததிலை இருந்து உவரிலைதான் முழுகிறம் அண்ணை. உவரெண்டால் விலையும் குறையுமெல்லே? மூத்தவளுக்குச் சீதனம் குடுக்க வீடு தேடி என்ரை கால் தேஞ்சு போச்சு. எத்தினை மணிக்கு ஏலம்?"

சண்முகநாதன் கருவாடு வாங்காமலே திரும்பினார்.

உவருக்கு அஞ்சாதவர்களும் பேய்க்கு அஞ்சுவார்கள் என்று அவர் கணக்கிட்டார். மறுநாள் சலூனில், கத்தரிக்கோலின் ஓசைக்கு மேலாகக் குரலை உயர்த்தி, ஏலத்துக்கு வரும் வீட்டின் கூரையில் சலங்கைச் சத்தம் கேட்பதாகச் சொன்னார். பக்கத்துக் கதிரையில் பாதித் தாடியுடன் இருந்த கஜானன் துள்ளி எழுந்தான். பாழடைந்த வீடுகளைப் படம்பிடித்து யூடியூப்பில் போடுவதே அவனுடைய தொழில்.

"அங்கிள், உண்மையான பேயோ?"

"உண்மையான பேய்தான். பொம்பிளைப் பேய்."

"வீட்டை வாங்கினால் பேயும் நிக்குமோ? இல்லாட்டில் விட்டிட்டுப் போயிடுமோ?"

"எங்கை போறது? இருபத்திரண்டு வருசமாய் என்னோடைதானே கிடக்குது!"

இவ்வாக்கியம் தக்சாயினியின் காதில் விழாதது சண்முகநாதனின் நல்லூழ்.

"லண்டன், கனடாச் சனமெல்லாம் பேய் வீடுதான் கேக்குது அங்கிள். வாடகைக்கு எடுத்தால் வீட்டுக்காரங்கள் கலைச்சுப்போடுறாங்கள். சொந்தமாய் ஒரு பேய் கிடைச்சால் நான் தப்பினன்!"

அன்று பின்னேரமே 'ஏலத்துக்கு வரும் இணுவில் பேய்' என்ற காணொளி ஊரெல்லாம் சுற்றியது.

பதறிப்போன சண்முகநாதன், பக்கத்து வீட்டுடன் வேலித் தகராறு என்றொரு புதுக்கதையைக் கையில் எடுத்தார். காசு கொடுத்து எவரும் வழக்கு வாங்கமாட்டார்கள் அல்லவா? கந்தசாமி கோயில் வீதியில் கண்ட முதல் ஆளிடமே அதனை அவிழ்த்துவிட்டார். அந்த ஆள், சாவகச்சேரி நீதிமன்றத்தில் வழக்காடி ஓய்வுபெற்ற முருகேசு.

"வேலி எவ்வளவு தள்ளிக் கிடக்குது தம்பி?"

"ஒண்டரை முழம், ஐயா."

முருகேசுவின் கண்கள் கலங்கின. "நாப்பது வருசமாய் மற்றவையின்ரை வேலிக்குத்தான் வாதாடினனான். எனக்கெண்டு ஒரு வேலிவழக்கு வாய்க்கேல்லை. ஏலம் எங்கை?"

வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு முன்னாலிருந்த குறுகிய ஒழுங்கை சனத்தால் நிரம்பி வழிந்தது. திருவிழா என்று எண்ணிய ஐஸ்கிறீம் வான் ஒன்றும் பாட்டுப் போட்டபடி வாசல் படலையடியில் வந்து நின்றது. ஏலக் கந்தோரின் எழுதுவினைஞரான கிருஷாந், கையில் மணியுடன் சனத்தைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

சிவக்கொழுந்து விலை கேட்டார். கஜானன் கூட்டினான். முருகேசு குடையை உயர்த்தினார். விலை ஏற ஏறச் சண்முகநாதனின் குரல் இறங்கியது. இனிப் பொறுக்க முடியாதென்று அவர் கிணற்றுக்கட்டின் மேல் ஏறினார்.

"பொறுங்கோ! பேயுமில்லை, பிசாசுமில்லை! வேலி நேராய்த்தான் நிக்குது! உப்பு நான் கொட்டினது. இறைச்சுவிட்டால் இளநீர் மாதிரித் தண்ணி!"

"அப்ப இது நல்ல வீடெண்டு சொல்லுங்கோ!" என்றது கூட்டம். அதுவரை வேடிக்கை மட்டும் பார்த்தவர்களும் கைகளை உயர்த்தினார்கள். ஐஸ்கிறீம் வான்காரரும் ஒரு விலை கேட்டார்.

விலை சேமலாப நிதியைத் தாண்டியது. அப்போதுதான் தக்சாயினி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, கழுத்திலிருந்த தாலிக்கொடியைக் கழற்றி உயர்த்தினார்.

"இதையும் சேர்த்துக் கேக்கிறன்! இனி ஆர் கூட்டிறியள், கூட்டுங்கோ பாப்பம்!"

தாலிக்கொடிக்கு மேல் விலை கேட்கும் துணிவு யாழ்ப்பாணத்தில் எவருக்கும் இல்லை. முருகேசு குடையை மடித்தார். கஜானனின் கை பாதியில் நின்றது. சிவக்கொழுந்து அவனை ஒரு பார்வை பார்த்ததும் அதுவும் இறங்கியது.

"முதலிலை கொடியைக் கழுத்திலை போடுங்கோ அக்கா," என்றார் சிவக்கொழுந்து. "எனக்கு உந்த வீடு வேண்டாம்."

"ஒருதரம், ரெண்டுதரம், மூண்டுதரம்!" மணி ஒலித்தது. சேமலாப நிதி போனது, கொடி அடகுக்குப் போக ஆயத்தமானது, வீடு வந்தது.

சண்முகநாதன் நெஞ்சை நிமிர்த்திக் கையெழுத்திட்டார். கிருஷாந்தின் முகமோ வாடியிருந்தது.

"என்ன தம்பி, நாங்கள்தானே வெண்டனாங்கள்! நீர் ஏன் கவலைப்படுறீர்?"

"கந்தப்பர் தன்ரை சகோதரங்கள் வாய் திறக்காமல் இருக்கப் பேருக்கொரு ஏலம் வைச்சு, ஆரம்ப விலைக்கே வீட்டை உங்களுக்குக் குடுக்கச் சொன்னவர் ஐயா, அதுக்காகத்தான் உங்களைத் தவிர ஒரு குருவிக்கும் நாங்கள் அறிவிக்கேல்லை, உவ்வளவு சனத்துக்கும் ஆர் சொன்னது?"