வாசலில் கிடக்கும் உன் செருப்பு

தங்கை பெற்று என் கையில் வளர்ந்த அருமை மகனுக்கு, உன் பெரியம்மா அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொள்வது. இங்கே ஆண்டவன் கருணையால் நானும் நலம், வீடும் நலம், பூட்டும் நலம். அங்கே உன் உடம்புக்கும், உன் உத்தியோகத்துக்கும், நீ பழுது பார்க்கும் லிஃப்டுகளைத் தாங்கும் கம்பிக்கும் சேர்த்துத்தான் தினமும் காலையில் வேண்டிக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். நான் எப்போது கூப்பிட்டாலும் "பெரிம்மா, லிஃப்டுக்குள்ள இருக்கேன், சிக்னல் இல்ல, அப்புறம் பேசுறேன்" என்கிறாய். அந்த அப்புறம் எந்த மாடியில் நிற்கிறதென்று தெரியவில்லை. கடிதம் என்றால் பாதியில் நீ கட் பண்ண முடியாது பார்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் சனிக்கிழமை சாயங்காலம் நீ இங்கே வந்தாக வேண்டும். ஒரு சாயங்காலம் போதும். தெருவை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நாலு பேர் பார்க்க நடந்துவிட்டு நீ அன்றைக்கே ரயில் ஏறிவிடலாம். வரவில்லையென்றால் உன் பெரியம்மா இந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. உன்னைப் பார்க்க வேண்டுமென்று ஏங்கிப்போய்க் கூப்பிடுகிறேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இது மானப் பிரச்சினை. எப்படி வந்தது என்று கேள்.

நீ போன பிறகு நம்ம தெரு முன்ன மாதிரி இல்லப்பா. தண்ணி மீட்டர் மூடியைக் கழட்டிட்டுப் போறான், தெருவிளக்கைக் கல்லால அடிக்கிறான், வண்டியில வந்து கத்திட்டே போறான், காயப்போட்ட போர்வை காயறதுக்குள்ள காணாமப் போகுது. சரி, ஆளுக்கு ஆள் புலம்பி ஆகப்போறது ஒண்ணுமில்லன்னு போலீஸ் ஸ்டேஷன், நகராட்சி, கடைக்காரங்க, தெருக்காரங்க எல்லாரும் சேர்ந்து பாதுகாப்புக் கூட்டுக் குழுன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. டியூஷன் சென்டர்லதான் கூட்டம். சின்னப் புள்ளைங்க பெஞ்சுல நாங்க முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். நகராட்சிக்காரர் விளக்கு போடணும், போலீஸ் ரோந்து வரணும், நாங்க கண்ணைத் திறந்து வச்சுக்கணும். நம்ம தெருவுக்குத் தலைவர் யாருன்னு நினைக்கிற? முனை வீட்டு ரிட்டயர்டு ரயில்வே கார்டு. அதான், நாம விசில்னு பேரு வச்சோமே, அவர்தான். அவருக்குப் பழைய உத்தியோகமே திரும்பக் கிடைச்ச மாதிரி ஒரு பூரிப்பு. வீட்டுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்து, "ஆபத்துன்னா ஊதுங்க, சத்தம் கேட்டா எல்லாரும் கையில கிடைச்சதை எடுத்துட்டு ஓடி வரணும்"னு தீர்மானம் போட்டார். மறுநாள் மதியம் தெருவுல இருக்கிற குக்கர் அத்தனையும் ஒண்ணா கூவுச்சு. அவர் லாந்தரைத் தூக்கிட்டு ஒவ்வொரு வீடா ஓடி ஓடி, கடைசியில நம்ம வாசல்ல வந்து மூச்சு வாங்கிட்டு, "அம்மா, உங்க வீட்டுல திருடனா, பருப்பா?"ன்னு கேட்டார். அப்புறம் விசிலை வாபஸ் வாங்கிட்டுத் தட்டைத் தட்டுங்கன்னு சொல்லிட்டாங்க.

அந்தக் குழுவுக்காக ஸ்டேஷன்லேர்ந்து ஒரு கான்ஸ்டபிள் பொண்ணு வருது. ஒல்லியா, பேச்சுல கெட்டியா இருக்கும். வீடு வீடாப் போய்த் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துச்சு. நம்ம வீட்டுக்கு வந்ததும், "வீட்டுல யார் யாரும்மா இருக்கீங்க?"ன்னு கேட்டுச்சு. "நானும் ஆண்டவனும்"னேன். "ஆண்டவன் இருக்கிறது வெளிய தெரியாதும்மா, ஆம்பளை இருக்கிற மாதிரி தெரியணும். வாசல்ல ஒரு ஆம்பளைச் செருப்பு போட்டு வைங்க, கொடியில ஒரு சட்டை தொங்கட்டும், உள்ள யார்கிட்டயோ பேசுற மாதிரி அப்பப்ப பேசுங்க. இது நமக்குள்ள இருக்கட்டும், யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னுச்சு. உன் பெரியப்பா செருப்பைத்தான் அவர் போனப்பவே யாருக்கோ கொடுத்தாச்சே. கட்டிலுக்கு அடியில குனிஞ்சு பார்த்தா நீ விட்டுட்டுப் போன தோல் செருப்பு கிடக்கு. வார் அறுந்து நான் தச்சுக் கொடுத்தேனே, அதே ஜோடிதான். துடைச்சு வாசல்ல ஜோடியா வச்சேன். பார்த்தா கடையில விக்க வச்ச மாதிரி இருக்கு, யாரும் நம்ப மாட்டாங்க. நீ என்னைக்குடா ஜோடியா கழட்டின? ஒண்ணு படியில, ஒண்ணு குப்புற, எத்தனை தடவை கத்தியிருப்பேன். அதே மாதிரி ஒண்ணைப் படியில எறிஞ்சு இன்னொண்ணைக் குப்புறத் தள்ளிவிட்டேன். உடனே வீடு நிறைஞ்ச மாதிரி ஆயிடுச்சு. அது பாதுகாப்புக்காகச் சொல்றேன், வேற ஒண்ணுமில்ல.

பேசச் சொன்னாங்களே, அதைத்தான் நான் கொஞ்சம் அதிகமாப் பண்ணிட்டேன் போலிருக்கு. முதல் நாள் என்ன பேசுறதுன்னு தெரியாம, "தம்பி, எழுந்திரு"ன்னு மெல்ல ஆரம்பிச்சேன். மறுநாள் தானா வந்துடுச்சு. "டேய், சூரியன் உச்சிக்கு வந்தாச்சு, இன்னும் என்ன போர்வை? குளிக்கப் போனா குழாயை மூடவே மாட்டியா? ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதேன்னு எத்தனை தடவை சொல்றது?" இப்படியே காலையில ஒரு பாட்டு, மத்தியானம் ஒரு பாட்டு. பதிலுக்கு ஆம்பளைக் குரல் வேணுமேன்னு உன் ரூம்ல ரேடியோவைச் சின்னதா வச்சு கதவைச் சாத்திடுவேன். உன் நீலக் கட்டம் போட்ட சட்டையைத் தினமும் நனைச்சுப் போட்டு இப்ப அது வெளுத்தே போச்சு. பொய் பேசுறது பாவமாச்சேன்னு ஆண்டவன்கிட்டயும் கேட்டுட்டேன். "இது நான் சொன்ன பொய் இல்ல, போலீஸ் சொன்ன பொய், அரசாங்கத்துக் கணக்குல எழுதிக்கோ"ன்னேன். அவர் மறுத்து ஒண்ணும் பேசல.

விளைவு என்னன்னா, மாடி வீட்டுத் தையல்காரம்மா ஒருநாள் படியில என்னை நிறுத்தி, "என்னக்கா, உங்க தங்கச்சி பையன் வந்துட்டானாமே, சொல்லவே இல்ல? வேலையை விட்டுட்டானா?"ன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு போலீஸ் சொல்லியிருக்கே, நான் என்ன பண்ணுவேன்? "ஆமா, வந்திருக்கான், லீவு"ன்னேன். "வெளிய தலையே காட்டலையே?" "கூச்சம்." "நான் உங்க பிளவுசுக்கு அளவு எடுக்கும்போதே கிண்டல் பண்ணுவானே, அவனுக்கா கூச்சம்?" "வயசாக ஆகக் கூச்சம் வருது"ன்னு சொல்லிட்டு உள்ள வந்து கதவைச் சாத்தினவ, பழக்க தோஷத்துல, "பார்த்தியாடா, உன்னால நான் எத்தனை பேருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கு?"ன்னு வேற கத்தினேன். அவ காதுல நல்லா விழுந்திருக்கும்.

இந்த மாசக் கூட்டத்துலதான் வினை. விசில் எழுந்து நின்னு தொண்டையைச் செருமிட்டு, "ஒரு வருத்தமான புகார் வந்திருக்கு. பேரு சொல்லல. நம்ம தெருவுல ஒரு வீட்டுல ஒரு வாலிபன் வேலைவெட்டிக்குப் போகாம, பகல்ல தூங்கிட்டு, பாவம் வயசான ஒரு பெண்மணியைத் துணி துவைக்க வச்சு, சோறு பொங்க வச்சு, கத்த வச்சு வாட்டுறான்"னார். எனக்கு வந்துச்சே கோபம்! அந்தக் குட்டி பெஞ்சுலேர்ந்து மாட்டிக்கிட்ட காலை உருவிட்டு எழுந்து, "இதைக் கேட்டுட்டு சும்மா இருக்கிறதுக்கா குழு? அந்தத் தடியன் வீட்டுக்கு நாலு பேரு நேர்ல போகணும். போய், எருமை மாடு மாதிரி படுத்திருக்கியே, உனக்கு வெட்கமா இல்லையான்னு கேக்கணும். விளக்குமாத்தை நான் கொண்டு வரேன்"னு சொன்னேன். எல்லாரும் என்னையே பார்த்தாங்க. தையல்காரம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டா. நகராட்சிக்காரர் எழுந்து, "இவ்வளவு கஷ்டத்துலயும் தைரியமா சொன்னீங்கம்மா"ன்னு கும்பிட்டார். அப்பத்தான்டா எனக்கு உறைச்சது, வயசான பெண்மணி நான்தான்னு. எனக்கு என்ன வயசாயிடுச்சு இப்ப?

தீர்மானம் நானே போட வச்சது, எப்படித் தடுக்கிறது? சொன்ன மாதிரி ஞாயிற்றுக்கிழமை வந்துட்டாங்க. விசில், தையல்காரம்மா, நகராட்சிக்காரர். வாசல்ல உன் செருப்பைத் தாண்டித் தாண்டி உள்ள வந்தாங்க. "பையன் எங்கம்மா?" ரூம்ல ரேடியோ முனகிட்டிருக்கு. "உள்ளதான், உடம்பு சரியில்ல"ன்னேன். விசில் கதவுக்கு வெளிய நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துட்டார். "தம்பி, நான் உன் அப்பா மாதிரி. வாழ்க்கைங்கிறது ரயில் மாதிரி. நின்னுட்டே இருந்தா பின்னாடி வர்ற வண்டியெல்லாம் நிக்கும். என்ன சொல்ற?"ன்னு கேட்டுக் காதைக் கதவுல வச்சார். உள்ளேயிருந்து கணீர்னு, "அடுத்த இரண்டு நாட்களுக்கு வறண்ட வானிலையே நீடிக்கும்"னு பதில் வருது. எனக்கு ஒரு நிமிஷம் உயிரே இல்ல. விசில் மெல்லத் திரும்பி, "குரல் நல்ல கம்பீரமா இருக்கு. மனசுதான் வறண்டு போயிருக்கு, பாவம்"னார். அவருக்கு ஒரு காது மந்தம்ங்கிறது ஆண்டவன் எனக்குன்னே பண்ணி வச்சது.

கடைசியில என்ன முடிவு பண்ணாங்கன்னா, திட்டினா சரிவராது, பொறுப்பைக் கொடுத்தா பையன் திருந்துவான்னு உன் பேருக்கு சாயங்கால ரோந்து போட்டுட்டாங்க. ஆரஞ்சு கலர்ல மின்னுற ஜாக்கெட் ஒண்ணும் டார்ச்சும் கொடுத்திருக்காங்க. உன் ரூம் ஆணியில மாட்டி வச்சிருக்கேன். இருட்டுனா ரோட்டு வெளிச்சம் பட்டு அது மட்டும் யாரோ நிக்கிற மாதிரி தெரியுது. பெரிய சைஸ், உனக்குத் தொளதொளன்னு இருக்கும்னு தோணுச்சு. நீ அங்க எப்படிச் சாப்பிடுறியோ, இளைச்சிருக்கியோ பருத்திருக்கியோ, அது தெரியாம எப்படிப் பிடிச்சுத் தைக்கிறது? கையில ஊசியை வச்சுட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. போன வாரம் கடைக்குப் போயிட்டுப் பையும் கையுமா திரும்பி வரேன், வெயில்ல தலை சுத்துது. வாசல் படியில உன் செருப்பு ஒண்ணு நேரா, ஒண்ணு குப்புற. எனக்குக் குப்புன்னு ஆயிடுச்சு. "வந்துட்டியாடா"ன்னு பையைக் கீழ போட்டுட்டு, சாவியை எடுத்துக் கதவைத் திறந்து உள்ள ஓடினேன். ரூம் வரைக்கும் போயிட்டேன். நான் போட்ட செருப்பு. நான் பூட்டின வீடு. பூட்டின வீட்டுக்குள்ள எப்படிடா நீ இருப்ப? வெளிய வந்து, உருண்டு போன வெங்காயத்தையெல்லாம் தெருவுலேர்ந்து பொறுக்கினேன். தையல்காரம்மா மேலேயிருந்து, "என்னக்கா, தள்ளிவிட்டானா?"ன்னா. பாதுகாப்புன்னா திருடனை ஏமாத்தணும்னுதான் அந்தக் கான்ஸ்டபிள் பொண்ணு சொல்லிக் கொடுத்துச்சு. என்னை எப்படி ஏமாத்தாம இருக்கிறதுன்னு சொல்லிக் கொடுக்கல.

பெத்தவ இருக்கா, கூப்பிட எனக்கு என்ன உரிமைன்னு எனக்கும் தெரியும். உன் அம்மாகிட்ட நான் ஏற்கெனவே பேசிட்டேன், "தெரு விஷயமா அவனைக் கூப்பிடுறேன், சொந்த விஷயம் இல்ல"ன்னு. அவளும் "சரிக்கா"ன்னுட்டா. அதனால சனிக்கிழமை வந்து, ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு, விசில் பக்கத்துல ஒரு நடை நடந்துட்டு, குரலைக் கொஞ்சம் கனமா வச்சுப் பேசிட்டு, கிளம்பிடு. சாப்பிடக்கூட வேண்டாம். சாப்பிட்டா நல்லது. ராத்திரி தங்கினா இன்னும் நம்புவாங்க.

எல்லாம் வல்ல ஆண்டவன் உன்னையும், நீ ஏறும் லிஃப்டையும், அதில் ஏறும் எல்லோரையும் பத்திரமாக மேலே ஏற்றிப் பத்திரமாகக் கீழே இறக்க வேண்டும் என்று பிரார்த்தித்து, நூறாண்டு வாழ வாழ்த்தி முடிக்கும்,
உன் பெரியம்மா.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கான்ஸ்டபிள் பொண்ணு வந்துடுச்சு. ரோந்து போறவங்க பேரைச் சரிபார்த்தப்ப, தனியா இருக்கிற வீட்டுலேர்ந்து எப்படி ஒரு வாலிபன் முளைச்சான்னு கேக்க வந்துச்சாம். எல்லாத்தையும் சொன்னேன். அது சிரிச்சு சிரிச்சு, தொப்பியைக் கழட்டி வச்சுட்டுத் தரையிலயே உட்கார்ந்துடுச்சு. அப்புறம் நேரா போய்க் குழுவுல எல்லாருக்கும் விளக்கிச் சொல்லிடுச்சு. யாரும் என்னைத் தப்பாப் பேசல. தையல்காரம்மா இனிமே சாயங்காலம் தையல் மெஷினை நம்ம முன் ரூம்ல போட்டுக்கிறாளாம். உன் ரோந்தை நகராட்சிக்காரர் எடுத்துக்கிட்டார், ஜாக்கெட் அவருக்கு அளவாப் பொருந்துது. விசில் மட்டும் நம்பல. "நானே பேசினேன், அவனே பதில் சொன்னான்"னு ஒரே பிடிவாதம். ஆக, என் மானத்துக்கு ஒரு குறையும் இல்ல. மேலே எழுதினதெல்லாம் விட்டுடு. குழுவுக்காக நீ வர வேண்டாம். "அந்தச் செருப்பையும் உள்ள எடுத்து வைங்கம்மா, இனி தேவையில்ல"ன்னு அந்தப் பொண்ணு சொல்லிட்டுப் போச்சு. எடுக்கத்தான் குனிஞ்சேன். எடுக்கல. நீ சும்மா வாடா. வந்து செருப்பை எப்படி வேணும்னாலும் கழட்டி எறி, நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.