எட்டு இன்ஜினைத் தெரியாது என்ற தேவாங்கு

ஒரு காட்டில் திருமேனி என்று ஒரு தேவாங்கு இருந்தது. மற்ற தேவாங்குகள் பூச்சி பிடித்தோமா, கிளையைக் கட்டிக்கொண்டு தூங்கினோமா என்று காலம் தள்ள, திருமேனிக்கு மட்டும் ரயில் பைத்தியம். அதுவும் ஐரோப்பாவில் ஓடுகிற டீசல் இன்ஜின். நிஜ இன்ஜினில் நூற்று அறுபதில் ஒரு பங்காக, நம் உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி செய்கிறார்களே, அந்தப் பொம்மை. பொம்மை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். திருமேனி காதில் விழுந்தால் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாது. அதன் அகராதியில் அது ‘மாதிரி இன்ஜின்’.

வருஷா வருஷம் குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வலசை வரும் நாரை ஒன்று அலகில் ஒரு பெட்டியைக் கவ்விக்கொண்டு வரும். மழைக்காலம் முழுக்கப் பிடித்துக் காயவைத்த வெட்டுக்கிளி ஒரு மூட்டை கொடுத்தால், பெட்டி கைமாறும். திருமேனிக்குப் பிடித்தது மூக்கு உருண்டையாக இருக்கும் ஒரு ரகம். அதே இன்ஜின் டென்மார்க்கில் கருஞ்சிவப்பு, ஹங்கேரியில் வேறொரு சிவப்பு, பெல்ஜியத்தில் பச்சை. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் ஒரே மூஞ்சிதான். ஆனால் சேர்க்கிறவர்களுக்கு நெற்றியில் ஒரு எண் மாறினாலே அது புது இன்ஜின். வாங்காவிட்டால் தூக்கம் வராது.

இப்படியாக ஒன்பது சேர்ந்துவிட்டது. மனைவி வேலம்மையைப் பொறுத்தவரை வீட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. ஏனென்றால் திருமேனி ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் வெளியே எடுக்கும்.

“நேத்து பச்சையா இருந்துச்சே?” என்று வேலம்மை கேட்கும்.

“பெயின்ட் மாத்திட்டேன்.”

“நெத்தியில நம்பரு?”

“அதையும் மாத்திட்டேன்.”

“அப்படியா,” என்று வேலம்மை தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். பெண்டாட்டியை ஏமாற்றுவது இவ்வளவு சுலபமா என்று திருமேனிக்கே சில சமயம் பாவமாக இருக்கும்.

அந்தக் காட்டில் ஆண்டுக்கு ஒரு முறை ஆற்றின் அக்கரையில் ‘ஓட்டத் திருநாள்’ நடக்கும். ரயில் பைத்தியம் பிடித்த மிருகங்கள் ஆளுக்கு ஒரு பலகை கொண்டுவரும். பலகையில் தண்டவாளம் இருக்கும். எல்லாப் பலகையையும் நீளமாகக் கோத்து, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் இன்ஜினை ஓட்டுவார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: இன்ஜின் யாருடையதோ அவர்தான் விசையைத் தொடலாம். இந்த வருஷம் ஒன்பதையும் வரிசையாக ஓட்டி, ‘எட்டு வச்சிருக்கேன்’ என்று பீற்றிக்கொள்ளும் முள்ளம்பன்றியின் கொட்டத்தை அடக்குவது என்று திருமேனி கங்கணம் கட்டியிருந்தது. கிளம்பும் நேரத்தில் வேலம்மை தலையைச் சீவிக்கொண்டு வந்து நின்றது.

“நானும் வரேங்க. அப்படி என்னதான் பண்றீங்கன்னு ஒரு நாளாவது பாக்குறேன்.”

வேண்டாம் என்றால் சந்தேகம் வரும். திருமேனி பெட்டியின் அடித்தட்டில் எட்டை ஒளித்து, மேலே டென்மார்க் கருஞ்சிவப்பை வைத்துக் கட்டியது. அங்கே போய் ஏதாவது சமாளித்துக்கொள்ளலாம்.

ஆற்றைக் கடக்க ஆமையின் முதுகில் ஏறினார்கள். நடு ஆற்றில் ஆமை தன் சம்பந்தியைப் பார்த்துவிட்டு, “சௌக்கியமா?” என்று திரும்பியது. பெட்டி தொபுக்கடீர் என்று மடுவில் விழுந்தது. திருமேனிக்கு உயிரே போய்விட்டது. ஒன்பது வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததெல்லாம் நாலு குமிழியாக மேலே வந்தது.

முன்பெல்லாம் அந்த மடுவில் ஒரு தேவதை இருந்தது. யாராவது பொருளைத் தொலைத்துவிட்டு அழுதால் உடனே எடுத்துக் கொடுக்கும். நேர்மையாக இருந்தால் தங்கத்தில் ஒன்று சேர்த்தும் கொடுக்கும். தேவதை ஓய்வு பெற்றபின் அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. பெரியகருப்பு என்ற முதலைதான் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆமை திரும்ப அழைத்துவந்த இக்கரையில் ஒரு பாறை, பாறைமேல் ஒரு கட்டுப் படிவம், எதிரே நீண்ட வரிசை.

உச்சி வெயிலில் கண் கூச, இரண்டு நாழிகை நின்றபின் திருமேனியின் முறை வந்தது.

“தொலைஞ்சது என்ன? எத்தனை?” என்றது முதலை.

திருமேனி பக்கத்தில் பார்த்தது. வேலம்மை நின்றிருந்தது.

“இன்ஜின் சார். ஒண்ணு. கருஞ்சிவப்பு.”

முதலை எழுதிக்கொண்டு முங்கியது. பெட்டி பிளந்து எல்லாம் சேற்றில் சிதறிக் கிடந்திருக்க வேண்டும். சற்று நேரத்தில் வாயில் ஒரு சிவப்பு இன்ஜினுடன் எழுந்தது.

“இதுதானே?”

அது ஹங்கேரி. பேசாமல் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஆனால் சேகரிப்பாளர் புத்தி போகுமா? “சிவப்புதான் சார். ஆனா இது அந்தச் சிவப்பு இல்ல,” என்று வாய் முந்திக்கொண்டது.

“அப்ப உங்களுது இல்ல. இந்தாங்க, ‘எனதன்று’ படிவம். மூணு பிரதி. மூணுலயும் நகக்குறி வைங்க.”

திருமேனி வைத்தது. முதலை மறுபடி முங்கியது. இந்த முறை பெல்ஜியம் பச்சை. பெயின்ட் இன்னும் புத்தம் புதிதாக மின்னியது. அதற்காக நாரையிடம் மூன்று குளிர்காலம் கெஞ்சியிருந்தது திருமேனி.

“இது?”

“இ… இல்ல சார்.”

“மூணு பிரதி.”

இப்படி ஒவ்வொன்றாக எட்டும் பாறைக்கு வந்துவிட்டன. எதை எடுத்து நீட்டினாலும் திருமேனி இல்லையென்று தலையை ஆட்டியது. இருபத்து நாலு நகக்குறி. ஒப்புக்கொண்ட அந்தக் கருஞ்சிவப்பு மட்டும் கிடைக்கவே இல்லை.

“உங்க பொருள் தேடுதலில் இருக்குன்னு எழுதிக்கிறேன். அடுத்த மாசம் வந்து பாருங்க,” என்றது முதலை.

“சார், இந்த எட்டும்… என்ன ஆகும்?” குரலைத் தாழ்த்தித்தான் கேட்டது திருமேனி.

“மூணு தடவை கூவுவேன். யாரும் வரலைன்னா அரண்மனைக்கு அனுப்பிடுவேன். சிங்கக்குட்டிக்குப் பல்லு முளைக்குதாம், கடிக்க ஏதாவது வேணும்னு ஓலை வந்திருக்கு.”

திருமேனிக்குக் கண்ணைக் கட்டியது. உண்மையைச் சொன்னால் வேலம்மையின் வாயில் விழ வேண்டும். சொல்லாவிட்டால் இன்ஜின்கள் சிங்கக்குட்டியின் வாயில் விழும். முதலை தொண்டையைச் செருமியது.

“இந்த எட்டு இன்ஜினுக்கும் உரிமை உள்ளவங்க யாராவது உண்டா? ஒரு தரம்!”

திருமேனி வாயைத் திறந்தது. வேலம்மை பார்ப்பதைக் கண்டு மூடிக்கொண்டது.

“ரெண்டு தரம்!”

“நான் இருக்கேன்,” என்று ஒரு குரல் கேட்டது. வேலம்மைதான்.

“உங்களுதா? அடையாளம் சொல்லணுமேம்மா.”

“அதுக்கென்ன, சொல்லிட்டாப் போச்சு.” வேலம்மை முந்தானையைச் செருகிக்கொண்டு பாறையருகே வந்தது. “இந்தச் சிவப்பு வந்த வருஷம், வெட்டுக்கிளிக்கெல்லாம் காய்ச்சல், ஒண்ணும் அகப்படலைன்னு இவரு சொன்னாரு. இதுக்கு அடியில ஒரு கீறல் இருக்கும், பாருங்க. இந்தப் பச்சை வந்தப்போ, மூட்டையைக் குரங்கு தூக்கிட்டுப் போயிட்டதாச் சொன்னாரு. ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி வளைஞ்சிருக்கும். தூசி தட்டும்போது என் கை பட்டு வளைஞ்சது. அந்த மஞ்சளு, நான் மூணாவது குட்டி பெத்துப் படுத்திருந்தப்போ வந்தது. அப்போ என்ன சொன்னாருன்னு கேக்காதீங்க, வரிசையில நிக்கிறவங்க சிரிப்பாங்க.”

எட்டுக்கும் சொல்லி முடித்தது. முதலை திருப்பித் திருப்பிப் பார்த்தது. கீறல் கீறலாக இருந்தது, வளைவு வளைவாக இருந்தது.

“எல்லாம் சரியா இருக்கு. கூட நிக்கிறவரு உங்க வீட்டுக்காரருதானே? அவருக்கு இதுல ஏதாவது…”

“அவருதான் இருபத்து நாலு நகக்குறி வச்சுக் குடுத்திருக்காரே,” என்றது வேலம்மை.

திருமேனிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இன்ஜின்கள் பிழைத்தன. தன் வீட்டுக்கேதான் வருகின்றன. ஆனால் இத்தனை வருஷமும் தன் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தது மனைவியின் பெருந்தன்மை என்று தெரிந்தபோது, அதற்கு வால் இல்லாத குறை முதன்முறையாக உறைத்தது. இருந்தால் சுருட்டிக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டிருக்கும்.

வெயிலில் உலர்ந்த இன்ஜின்களுடன் அக்கரை போய்ச் சேர்ந்தார்கள். வேலம்மை பெல்ஜியம் பச்சையை எடுத்துத் தண்டவாளத்தில் வைத்து, முள்ளம்பன்றியிடம் இரவல் வாங்கிய டென்மார்க் தபால் ரயில் பெட்டிகளை அதன் பின்னால் கோத்தது. நாடும் சேரவில்லை, ஓடிய காலமும் சேரவில்லை. போதாததற்குக் கடைசியில் ஒரு திறந்த பெட்டியில் நாலு இலந்தைப்பழம் ஏற்றியது. திருமேனிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முள்ளம்பன்றிகூட ஒரு நிமிஷம் முள்ளைச் சிலிர்த்தது. ஆனால் ரயில் ஓடி வந்து பழத்தை நீட்டியதும் மிருகங்கள் எல்லாம் ஆரவாரம் செய்தன. முள்ளம்பன்றியும் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது.

“வேலம்மா,” என்று திருமேனி மெல்ல நெருங்கியது. “ஒரே ஒரு சுத்து… நான் ஓட்டட்டுமா?”

“இன்ஜின் யாருதோ அவங்கதான் விசையைத் தொடணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சரி, அந்தப் பச்சைக்குப் பின்னால டென்மார்க் பெட்டி மட்டும் வேண்டாமே. பாக்கச் சகிக்கல.”

“உங்க இன்ஜின் கிடைச்சதும், அதுக்குப் பின்னால உங்க இஷ்டத்துக்குக் கோத்துக்குங்க,” என்றது வேலம்மை. பிறகு என்ன நினைத்ததோ, ஒரு வெற்றிலையை எடுத்துத் திருமேனி கையில் கொடுத்தது. “சும்மா நிக்காதீங்க. பச்சைக்கொடி காட்டுங்க.”

திருமேனி காட்டியது. இன்ஜின் கிளம்பியது.

நீதி: பெண்டாட்டியிடம் பொய் சொல்வதென்றால் வாயால் மட்டும் சொல்லுங்கள், எக்காரணம் கொண்டும் மூன்று பிரதி எழுதிக் கொடுக்காதீர்கள்.