செருப்பைக் கையில் எடுத்தவர்

நெருஞ்சி நாட்டின் கீழ்க்கரை மாகாணத்தில் முள்ளுக்குப் பஞ்சமே இல்லை, செருப்புக்குத்தான் பஞ்சம். அந்தக் கரையில் ஒருநாள் வேம்பன் என்ற செருப்புத் தைப்பவன் படகிலிருந்து இறங்கினான். புதிதாக ஓரிடத்தில் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வது அவன் தேசத்து வழக்கம். நம் மண்ணுக்கு இவ்வளவு மரியாதையா என்று ஊரார் உருகிப்போனார்கள். கஞ்சி ஊற்றி, கடை போட இடமும் கொடுத்தார்கள்.

கடை பெரிதாயிற்று. வேம்பன், வேம்பனார் ஆனார். தேர்தலில் வீட்டுக்கு வீடு இலவசச் செருப்பு கொடுத்து மாகாணத் தலைவரும் ஆனார்.

வெறுங்காலோடு நடந்தால் அபராதம் என்பது முதல் சட்டம். நாற்று நடுகிறவர்களும் செருப்போடு சேற்றில் இறங்கினார்கள். நட்ட நேரம் பாதி, செருப்பைத் தேடிய நேரம் பாதி. அதற்குள் வேம்பனாரின் தேசத்து ஆட்கள் சிலர் வந்து பாதி விலைக்குத் தைக்கத் தொடங்கினார்கள். உடனே அடுத்த சட்டம் வந்தது: செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையிறங்குபவர் அந்நியர், வந்த படகிலேயே திருப்பி அனுப்பப்படுவார். மலிவுச் செருப்பும் போயிற்று. முள் மட்டும் இருந்தது.

புதிய படகுத்துறையைத் திறக்கத் தலைவர் படகில் வந்தார். இறங்கும்போது, பழக்கதோஷம், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துவிட்டார். கூட்டம் அவர் கையையே பார்த்தது.

அமைச்சர் ஆலாலசுந்தரம்தான் சமாளித்தார். "பார்த்தீர்களா! தாய்மண்ணைச் செருப்பால் மிதிக்கத் தலைவருக்கு மனம் வரவில்லை!" என்று முழங்கித் தன் செருப்பையும் கழற்றினார். அடுத்த நொடி அதிகாரிகள் அத்தனை பேர் கையிலும் செருப்பு.

அப்போது இன்னொரு படகில் வந்திறங்கிய ஒரு பெண்ணைக் காவலர்கள் இழுத்துவந்தார்கள். அவள் கையிலும் செருப்பு இருந்தது. தலைவரின் அக்கா சிலம்பாயி. ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று அவர் தைத்துக் கொடுத்த ஜோடி அது.

"இந்த அம்மாள் தங்களைத் தம்பி என்கிறாள். வெள்ளத்தில் வீடு போய்விட்டதாம், திரும்பிப் போக இடமில்லையாம். தங்களுக்குத் தெரிந்தவளா?" என்று கேட்டார் அமைச்சர்.

தலைவர் அந்தச் செருப்பின் தையலைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியாது."

சிலம்பாயி அவர் கையிலிருந்த செருப்பைப் பார்த்தாள். பிறகு, "ஆமாங்கய்யா, நாந்தான் ஆள் தெரியாம சொல்லிட்டேன். அவரைத் தப்பா நெனைக்காதீங்க" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு படகில் ஏறினாள்.

தலைவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படகு நின்றிருக்கும். சொல்லவில்லை.

மறுநாள் மாகாண சபை அவருக்கு 'மண்ணின் மைந்தர்' என்று பட்டம் கொடுத்தது. வாங்கும்போது அவர் தலை நிமிரவே இல்லை. எவ்வளவு அடக்கம் என்று ஊரே மெச்சிக்கொண்டது.