மாப்பிள்ளை பாட்டும் மக்ரூன் நுரையும்

இரண்டாவது தடவையும் நுரை விழுந்தது.

இஞ்ஞாசி அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தார். பஞ்சு மாதிரி எழும்பி நிற்க வேண்டிய முட்டை வெள்ளைக்கரு, சோப்புத் தண்ணீராய்ப் பல்லை இளித்தது. இதில் முந்திரிப் பொடியைக் கலந்து பிழிந்து சுட்டால் மக்ரூன் வராது, அடைதான் வரும்.

நாளைக் காலை முத்தையாபுரத்துக் கல்யாணத்துக்கு முப்பது கிலோ போயாக வேண்டும். பெண் வீட்டு ஜாபேஸ் ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லியிருந்தான்: "முடியலைன்னா இப்பவே சொல்லுங்க அண்ணாச்சி, ஜீவமணி கடையில வாங்கிக்கிடுதேன்." தனக்குப் போட்டியாக மக்ரூன் விற்கும் அந்த ஜீவமணி கடை வாசலை இருபது வருஷமாக மிதிக்காதவர் இஞ்ஞாசி. மிதிப்பதைவிடக் கடலில் விழலாம் என்பது அவர் கொள்கை.

தலைக்கு மேலே டும், டும், டும்.

"இந்தச் சத்தம்தான் நுரையை அமுக்குது" என்று தீர்ப்புச் சொன்னார்.

மாடியில் இருப்பது மகள் ஸ்டெபியும் அவள் புருஷன் ஃபிராங்க்ளினும். மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது, ஷிப்பிங் கம்பெனியில் கை நிறையச் சம்பளம். லீவு நாள் வந்தால் பாதி நாள் கம்ப்யூட்டர் கேமில் முகம் தெரியாதவர்களைச் சுட்டுக் கொல்வார். மீதி நாள் அதே கம்ப்யூட்டரில் பாட்டுச் செய்வார். அந்தப் பாட்டில் பாடுகிறவன் கிடையாது, வாசிக்கிறவன் கிடையாது, வார்த்தையும் கிடையாது. ஒரு டும், அப்புறம் இன்னொரு டும், நடுவில் தகரத்தைத் தரையில் இழுத்தாற்போல் ஒரு கிறீச். எலெக்ட்ரானிக் மியூசிக்காம். ஹார்பரில் கண்டெய்னர் இறக்குகிற இடத்தில் போய் நின்றால் இதை ஓசியிலேயே கேட்கலாமே என்பார் இஞ்ஞாசி.

ஆனால் மாப்பிள்ளையை நேருக்கு நேர் வைய முடியுமா? ஊர் சிரிக்கும். வசவெல்லாம் மனைவி பிளாரன்ஸ் வழியாகத்தான் மாடி ஏறும்.

"ஏளா, அந்த எழவை நிறுத்தச் சொல்லு! சாவு வீட்டுலகூட இதைவிட நல்லாக் கொட்டுவானுவ."

பிளாரன்ஸ் ஏறினாள். வசவில் படிக்கு ஒரு கரண்டி சர்க்கரை சேர்த்துக்கொண்டே போனாள்.

"மாப்பிள்ள, உங்க பாட்டு கீழ வரைக்கும் கேக்குதுன்னு மாமா சொல்லுதாவ."

ஃபிராங்க்ளின் முகம் மலர்ந்துவிட்டது. "மாமாவுக்குப் பிடிச்சிருக்கா அத்தை?"

"பின்ன?" என்றாள் பிளாரன்ஸ்.

உடனே அவர் பெரிய ஸ்பீக்கரைத் தூக்கி வந்து படிக்கட்டில், கீழே பார்க்க வைத்தார்.

இஞ்ஞாசி, சுற்றிக்கொண்டிருந்த முட்டை அடிக்கும் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். திரும்பிப் போவதற்குள் மூன்றாவது அண்டாவும் விழுந்திருந்தது.

"வேணும்னே செய்யுதாரு! நான் யாருன்னு காட்டுதேன்" என்று ஃபியூஸைப் பிடுங்கினார். பாட்டு நின்றது. நான்காவது அண்டாவை அடித்துக்கொண்டிருந்த மெஷினும் நின்றது. மாடிக்கு என்று நினைத்துப் பிடுங்கியது மொத்த வீட்டுக்கும் உரியது.

"மாமா, கரண்டு போயிட்டா? கவலைப்படாதீங்க, பாட்டை சேவ் பண்ணிட்டேன்!" என்று மேலேயிருந்து ஆறுதல் வந்தது.

"ரொம்ப சந்தோசம் மாப்பிள்ள" என்று பல்லைக் கடித்துக்கொண்டே ஃபியூஸைத் திரும்பச் செருகினார்.

மிச்சம் இருந்தது ஓர் அண்டாவுக்கான முட்டைதான். ஆளையே அப்புறப்படுத்திவிடுவது என்று முடிவு செய்தார்.

"ஏளா ஸ்டெபி, மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு ஏரலுக்குப் போயிட்டு வா. உங்களப் பாக்கணும்னு சித்தி அழுதா."

சித்தி அழவில்லை. இவர்கள் வருவதே அவளுக்குத் தெரியாது. போகட்டும், இரண்டு பேரும் பைக்கில் ஏறிப் போய்விட்டார்கள்.

வீடு கப்சிப். இஞ்ஞாசி மெஷினைப் போட்டார். இரண்டு நிமிஷத்தில் நிறுத்தி, சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். வரவில்லை. மறுபடி போட்டார். மறுபடி நிறுத்திக் கேட்டார். அப்போதும் மனசு கேட்காமல் மாடிக்கே ஏறிப் பார்த்துவிட்டு வந்தார். வந்து பார்த்தால் நுரை சாவகாசமாகப் படுத்துக் கிடந்தது.

"இப்ப யாரு பாட்டுப் போட்டா?" என்று கேட்டாள் பிளாரன்ஸ்.

"இத்தன நாள் போட்டது செவத்துல ஊறிக் கெடக்குளா!"

அண்டாவைக் கழுவிக் கவிழ்த்தார்; முட்டையும் தீர்ந்திருந்தது. வேறு வழியில்லை. ஜீவமணி கடை மக்ரூனை வாங்கித் தன் பெட்டியில் அடைத்துக் கொடுத்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, கண்ணாடியையும் இறக்கிவிட்டுக்கொண்டு கிளம்பினார்.

நல்லகாலம், கல்லாவில் ஜீவமணி இல்லை. வேலைக்காரப் பெண் முத்துக்கனிதான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்.

"மக்ரூன் முப்பது கிலோ" என்றார் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு.

"இருக்கு, கட்டித் தாரேன்."

அவள் எடை போடத் தொடங்கியதும் உள்ளேயிருந்து வந்தது: டும், டும், டும், கிறீச்.

இஞ்ஞாசிக்கு வேஷம் மறந்து சொந்தக் குரலே வந்துவிட்டது. "இங்கனயும் இந்தச் சனியனா? இதைப் போட்டா நுரை விழுந்துராதாம்மா?"

முத்துக்கனி நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "விழவா? பாட்டு ஆரம்பிக்கையில மெஷினைப் போட்டு, நடுவுல நிறுத்தாம, பாட்டு முடிஞ்சதும் அமத்துனா நுரை கல்லாட்டம் நிக்கும். எங்க முதலாளியோட லீவு நாள்ல கம்ப்யூட்டர்ல கேம் ஆடுத உங்க மருமவன்தான் நேரம் அளவு பாத்து அந்தப் பாட்டைப் போட்டுக் குடுத்தாரு, அண்ணாச்சி."