நெடுந்தீவுக் கியர் பெட்டி

கார் திருத்தவே தெரியாதவனால் எந்தக் காருக்கும் கெடுதல் வருவதில்லை. கொஞ்சம் தெரிந்தவன்தான் ஆபத்தானவன். என் தங்கை சுகியின் கலியாணத்துக்கு முந்திய மாதத்தில், வேலணை முழுவதிலும் மிக ஆபத்தான ஆள் நான்தான். (கைப்பேசியில் வீடியோ பார்த்து மெக்கானிக் ஆனவன்.)

எங்களைப் பெற்ற ஐயாவின் கார் எப்போதோ இங்கிலாந்தில் இருந்து கப்பலில் வந்தது. ஐயா அதை வாடகைக்கு ஓடியவர். தீவுப்பகுதியில் எத்தனையோ கலியாணப் பொம்பிளைகளைக் கோயிலுக்கு ஏற்றிப்போய், பிறகு அதே பொம்பிளைகளைப் பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரிக்கும் ஏற்றிப்போனார். அம்மா கண்மூடியபின் அவருடைய பேச்சு நன்றாகக் குறைந்துவிட்டது. சுகிக்குப் பேசின மாப்பிள்ளை கனடா. விசா வந்ததும் அவளும் போய்விடுவாள். கலியாணத்துக்கென்று ஐயா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பிள்ளையை நான்தான் கோயிலுக்குக் கொண்டுபோவன்."

கார் ஓடும். ஆனால் கியர் பெட்டியில் இருந்து ஒயில் ஒழுகும். நின்ற இடத்தில் எல்லாம் கறுப்பாக ஒரு குளம். ஒயில் முழுதும் போனால் பற்சக்கரங்கள் அரைபட்டு நடுவழியில் நிற்கும். டவுனில் ஒரு மெக்கானிக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு எழும்பினார்.

"சீல் மாத்தி வேலையில்லைத் தம்பி. உள்ளுக்குத் தண்டே தேய்ஞ்சு போச்சு. முழுப் பெட்டியும் வேற வேணும்."

"எங்கை எடுக்கலாம்?"

"இனிக் கனவிலைதான் எடுக்கலாம்."

கொழும்பில் விசாரித்தேன். ஒரு கடைக்காரர் காரின் பெயரைக் கேட்டதும் மரியாதையாகச் சிரித்துவிட்டு ஃபோனை வைத்தார். கடைசியில் ஒரு மீன்காரர்தான் சொன்னார், நெடுந்தீவில் இதே சாதிக் கார் ஒன்று வேலியோரம் கிடக்கிறது, அதில் கோழி வளர்க்கிறார்கள் என்று.

குறிகட்டுவான் துறையில் படகேறினேன். கார் கிடந்த வீட்டுக்காரி பெயர் பாக்கியம் அக்கா. கணவர் இறந்து கனகாலம். அவர் கொண்டுவந்து விட்ட இடத்திலேயே கார் நின்றது. சக்கரங்கள் பாதி மண்ணுக்குள். முன்கதிரைக்குக் கீழே, கியர் பெட்டிக்கு நேர் மேலே, ஒரு கோழி அடைகிடந்தது.

"பெட்டியைக் கழட்டும். ஆனால் அவளை எழுப்பக் கூடாது," என்றார் அக்கா.

"எழுப்பாமல் எப்பிடி அக்கா?"

"அது எனக்குத் தெரியாது. நீர்தானே மெக்கானிக்."

மல்லாந்து படுத்து, காரின் கீழே ஊர்ந்து போனேன். தரைத் தகட்டில் என் நெற்றிக்கு நேரே ஒரு துருப்பிடித்த ஓட்டை. நான் ஒரு நட்டைத் திருப்ப, அவள் ஓட்டைக்குள்ளால் தலையை விட்டு ஒரு கொத்து. இன்னொரு நட்டு, இன்னொரு கொத்து. கடைசி நட்டுக் கழன்றபோது பெட்டி என் நெஞ்சில் விழுந்தது. கத்தவும் ஏலாது, அவள் எழும்பிவிடுவாள். வாயை இறுக்கிக்கொண்டு கிடந்தேன். அக்கா குனிந்து பார்த்து, "நல்ல பொறுமையான பிள்ளை," என்றார். பெட்டிக்குப் பதிலாக அவர் கேட்டது கலியாணத்துக்கு ஒரு அழைப்பு மட்டும்.

வீட்டில் பெட்டியைக் கழுவி, ஒயில் விட்டு, மாட்டினேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை! கலியாணத்துக்கு முதல்நாள் கொட்டிலில் இருந்து காரைப் பின்னுக்கு எடுத்து முற்றத்தில் விட்டேன். பட்டுப்போல வந்தது. உடனே பூக்கட்டுகிறவர்கள் வந்து அதைச் சூழ்ந்துகொண்டார்கள். முன்னுக்கு ஓடிப் பார்க்கவில்லை. (பின்னுக்குப் போகிற கார் முன்னுக்கும் போகும்தானே?)

மறுநாள் காலை, கூறைச் சேலைக்கு முந்திய பட்டுடுத்திச் சுகி பின் கதிரையில் ஏறினாள். ஐயா வேட்டி சால்வையோடு ஸ்டியரிங் பிடித்தார். நான் பக்கத்தில். மேளம் முழங்கியது. ஐயா கியரைப் போட்டார். கார் பின்னுக்குப் போய், பின்னால் வாசல் படலையடியில் தேங்காய் உடைக்க நின்ற பெரியப்பாவைத் துரத்தியது.

ஐயா திரும்பவும் போட்டார். திரும்பவும் பின்னுக்கு. கியர்க் கைப்பிடி நன்றாக அசைந்தது. உள்ளுக்குள்தான் எதுவும் அசையவில்லை. அப்போது கூட்டத்துக்குள் இருந்து பாக்கியம் அக்காவின் குரல் கேட்டது.

"ஐயோ தம்பி, எங்கட மனுசன் அதை ரிவேர்சிலதான் கொண்டுவந்து விட்டவர்! அதுக்குப் பிறகு ஆரும் அந்தக் கியரை அசைக்கேல்லை!"

எனக்கு நிலம் பிளந்து கோழியோடு உள்ளே போனால் நல்லது போலிருந்தது. முகூர்த்தம் நெருங்கியது. பெரியப்பா ஒரு வானைக் கூப்பிட்டார். "இறங்கு பிள்ளை, நேரம் போகுது."

சுகி இறங்கவில்லை. "நான் ஐயாவோடதான் வருவன்."

ஐயா என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, "எல்லாரையும் பின்னாலை இருந்து விலத்தச் சொல்லு," என்றார். பிறகு ஒரு கையைக் கதிரையின் முதுகில் போட்டு, முழுதாகத் திரும்பி, பின் கண்ணாடியூடாகப் பார்த்தபடி படலையைத் தாண்டினார்.

எங்கள் வீட்டில் இருந்து கோயிலுக்குக் குறுகிய ஒழுங்கை ஒன்று, தெரு ஒன்று. நடக்கிற வேகம். மேளக்காரர் வழி காட்ட, சைக்கிள்காரர் இறங்கி நின்று பார்க்க, கார் பின்பக்கமாகவே போனது. வெட்கத்தில் நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். கொஞ்சம் போனபிறகுதான் ஐயாவின் குரல் கேட்டது.

"அம்மாவின்ரை அட்டியல் உனக்கு வடிவாயிருக்கு பிள்ளை."

நிமிர்ந்தேன். ஐயாவின் முகத்துக்கு நேரே சுகியின் முகம். முன்பக்கமாக ஓடியிருந்தால் அவர் றோட்டைத்தான் பார்த்துக்கொண்டு போயிருப்பார். ஒரு சொல் வந்திராது. இப்போது எங்கே பார்த்தாலும் நடுவில் அவள் இருந்தாள். கோயில் வரைக்கும் இருவரும் கதைத்தார்கள். குளிருக்குக் காதைப் பொத்திக்கொள், கிழமைக்கு ஒருக்கால் ஃபோன் எடு, மாப்பிள்ளை கோபக்காரனெண்டால் எனக்கு மறைக்காதை. சுகி அழுதாள், சிரித்தாள், "றோட்டைப் பாருங்கோ ஐயா!" என்று கத்தினாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அந்த நேரம் நான் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்று பட்டது.

முகூர்த்தத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஐயாவின் கழுத்து ஒரு கிழமைக்கு மேல் திரும்பவில்லை. கலியாண வீடியோ பார்த்த கனடாச் சித்தி, "படம் பிடிச்சவன் றீலைப் பிழையாப் போட்டிட்டான், காசு குடுக்காதையுங்கோ," என்று ஃபோன் எடுத்தார்.

விசா வந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில், கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் ஐயாவும் நானும் நின்றோம். சுகி பெட்டி வண்டியைப் புருசனிடம் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்தபடியே பின்னுக்குப் பின்னுக்கு நடந்து உள்ளே போனாள். காவலுக்கு நின்றவர் ஏதோ சொன்னார். அவள் திரும்பவில்லை. ஐயா சிரிக்கத் தொடங்கினார், நிறுத்த முடியவில்லை.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் பயணம் போனாலும் அப்படித்தான் போவார்கள். விடுமுறைக்கு வந்து போகும் சுகியின் மகளுக்கு, விமான நிலையத்தில் எல்லாரும் ஏன் நேரே நடக்கிறார்கள் என்று இன்னும் விளங்கவில்லை.